நிரலைச் சமையலோடு ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருள் பற்றிப் புதியவர்கள் பேசும்போது, பத்து வருடத்துக்கு முன் நான் பேசியதே திரும்பக் காதில் விழுகிறது. நிரல் என்பது சமையல் குறிப்பு மாதிரி. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு எழுதிக்கொள்வோம், புளியைக் குறைப்போம், தங்கைக்கும் சொல்லிக்கொடுப்போம். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் பல காலமாகச் சொல்லிவரும் ஒப்புமை இது. அருமையான ஒப்புமைதான். ஆனால் எதுவரை பொருந்தும் என்று பார்க்காமல் பேசினால் நட்டம் நமக்கு.

உரிமம் வைக்காமல் வெளியிடுவது

இது எனக்கு இன்னும் ஆறவில்லை. ரசத்துக்கான சாமான் பட்டியலுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது. நிரல் அப்படியில்லை. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. எழுதியதுமே உரிமை எழுதியவருக்கு. பதிவு செய்யக்கூட வேண்டாம். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தாலும், எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமம் இல்லாவிட்டால் அதை எடுத்துத் தன் மென்பொருளில் சேர்க்க யாருக்கும் அனுமதி இல்லை.

திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் இருந்த கோப்புகளை இன்று புழங்கும் யூனிகோடுக்கு மாற்ற, பைதான் மொழியில் ஒரு நிரல் எழுதி வெளியிட்டேன். பொதுவில்தானே இருக்கிறது என்று உரிமம் எதுவும் வைக்கவில்லை. மூன்று பேர் திருத்தம் அனுப்பினார்கள், சேர்த்துக்கொண்டேன். இரண்டு வருடம் கழித்து ஒருவர் அதைத் தன் மென்பொருளில் சேர்க்க விரும்பி, உரிமம் எது என்று கேட்டார். சரி, ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமம் போடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் புரிந்தது: அந்த மூவரின் வரிகளும் அவரவருக்குச் சொந்தம், அவர்கள் சம்மதிக்க வேண்டும். இருவர் அன்றே சம்மதித்தார்கள். மூன்றாமவருக்கு அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. அவர் எழுதியது, திஸ்கியில் எழுத்துக்கு முன்னால் வரும் கொம்பை யூனிகோடு வரிசைப்படி பின்னால் நகர்த்தும் பகுதி. நிரலின் உயிரே அதுதான். அதை நீக்கிவிட்டு முதலிலிருந்து எழுத ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கேட்டவர் அதற்குள் வேறு வழி பார்த்துக்கொண்டார். முதல் நாளே உரிமக் கோப்பைச் சேர்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

"இலவசம்" என்று ஆரம்பிப்பது

வேண்டாம். கட்டற்றது என்றால் காசில்லாதது என்று பொருளில்லை. ஜிபிஎல் நிரலை விலைக்கும் விற்கலாம்.

சமைத்ததை மட்டும் கொடுப்பது

குறிப்பைத் தராமல் சாம்பாரை மட்டும் கொடுத்தால் காரம் அதிகம் என்று சொல்லத்தான் முடியும். ஜிபிஎல் நிரலை மாற்றி நீங்களே பயன்படுத்தினால் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. கணினி ஓட்டும் இயங்கு கோப்பை ஒருவருக்குக் கொடுத்தால், படித்து மாற்றக்கூடிய மூலநிரலும் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

கடவுச்சொல்லோடு பகிர்வது

நிரலுக்குள் கடவுச்சொல் இருக்கும் வரியை அழித்தாலும், ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் கிட் கருவியின் வரலாற்றில் அது கிடக்கும். முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், அப்புறம் வரலாற்றைச் சுத்தம் செய்யலாம்.