"பல் கறை"யை கம்ப்யூட்டருக்கு எப்படி புரிய வைக்கிறது? கான்செப்ட் லிஸ்ட் போடலாம் வாங்க

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தண்ணில ஃப்ளோரைடு ஜாஸ்தின்னு எல்லாருக்கும் தெரியும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே அதுக்காகத்தான் வந்துச்சு. பென்னாகரம் பக்கம் ஒரு சின்ன கிளினிக் ஓபி நோட்டை எக்செல்ல ஏத்திட்டு ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு ஜாஸ்தியானா பல்லுலயும் எலும்புலயும் வர்ற பாதிப்பு) கேஸ் எத்தனைன்னு எண்ணப் போனா, என்னால எண்ணவே முடியல. டாக்டர் "மாட்லிங்"னு (பல்லுல திட்டுத் திட்டா இருக்கறது) எழுதியிருக்கார், நர்ஸ் அக்கா "மஞ்சப் பல்லு"ன்னு, இன்னொரு பக்கம் "பல் கறை". ஃபில்டர் போட்டா மூணும் மூணு வியாதியா நிக்குது.

முதல்ல நோட்டுல இருக்கற வார்த்தை எல்லாத்தையும் அப்படியே ஒரு ஷீட்ல இறக்குங்க, எழுத்துப்பிழையக்கூட திருத்தாதீங்க.

அடுத்து, ஒரே அர்த்தம் வர்றதை ஒண்ணா சேருங்க. அந்த ஒரு அர்த்தம்தான் கான்செப்ட், மத்ததெல்லாம் அதோட பேருங்க. இங்கதான் நிதானம் வேணும். "பல் கறை"ன்னா ஃப்ளோரோசிஸா இருக்கலாம், வெத்தலை பாக்கு கறையாவும் இருக்கலாம், அதை நாமளா முடிவு பண்ணக்கூடாது, எழுதினவங்களையே கேட்டுடுங்க. பல்லுல வர்றதும் எலும்புல வர்றதும் வேற வேற கான்செப்ட். "மூட்டு வலி"ன்னு மட்டும் இருந்தா அது அறிகுறி, அதை எலும்பு ஃப்ளோரோசிஸ்ல தள்ளிடாதீங்க.

மூணாவது, ஒவ்வொரு கான்செப்ட்டுக்கும் பல் ஃப்ளோரோசிஸ் 101, எலும்பு ஃப்ளோரோசிஸ் 102ன்னு வெறும் நம்பர் குடுங்க. நம்பருக்குள்ள ஊர், வார்டுன்னு எதையும் திணிக்க வேணாம், நாளைக்கு அது மாறும்.

அப்புறம் வெளிக் கோடு (code), அதாவது வெளியில ஏற்கனவே எல்லாரும் பயன்படுத்தற நம்பர். உலக சுகாதார நிறுவனத்தோட வியாதிக் கோடு பட்டியலான ஐசிடி-10ல பல் ஃப்ளோரோசிஸ் கே00.3, எலும்புல வந்தா எம்85.1, வெத்தலை கறை கே03.6. ஆனா கே00.3க்குள்ள ஃப்ளோரைடால வராத எனாமல் வெள்ளைத் திட்டும் அடக்கம், அதனால ஐசிடி கோடை மட்டும் வெச்சு எண்ணினா கணக்கு கூடிடும், நம்ம 101ஐ விட்டுடாதீங்க. இன்னும் நுணுக்கமா வேணும்னா ஸ்னோமெட் சிடின்னு ஒரு பெரிய மருத்துவச் சொல் கோடு பட்டியல் இருக்கு, இந்தியாவுல அதுக்கு காசு கட்ட வேண்டியதில்ல.

கடைசியா சேமிக்கும்போது அஞ்சு காலம் (column) வைங்க: நோட்டுல இருந்த வார்த்தை, நம்ம நம்பர், வெளிக் கோடு, அது எந்த கோடு புத்தகம், எந்த பதிப்பு. பின்னாடி ஒரு கான்செப்ட் தப்புன்னு தெரிஞ்சாலும் வரியை அழிக்காதீங்க, "இனி வேண்டாம்"னு குறிச்சு வைங்க, அந்த நம்பரை வேற எதுக்கும் குடுக்காதீங்க, பழைய சீட்டுல அந்த நம்பர்தான் இருக்கும்.