செல்லுக்குள் பிகேஏ எவ்வளவு வேலை செய்கிறது? அளப்பது இப்படி

செல்லுக்கு ஒரு ஹார்மோனைக் கொடுத்த பிறகு பிகேஏ (PKA, புரோட்டீன் கைனேஸ் ஏ, மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி) முடுக்கப்பட்டதா என்று பார்க்கப் பலரும் நேராக, ஆன்டிபாடியால் புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதில் தெரிவது பாஸ்பேட் ஏறிய புரதம் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும்தான். ஏற்றிவிடும் கைனேஸுக்கும் கழற்றிவிடும் பாஸ்படேஸுக்கும் நடந்த இழுபறியில் மிஞ்சியது அது. கைனேஸின் வேகம் வேண்டுமென்றால் வேகத்தைத்தான் அளக்க வேண்டும்.

பிகேஏவில் இதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. ஓய்வில் இருக்கும்போது இரண்டு ஒழுங்குபடுத்தும் துணையலகுகள் இரண்டு வினையூக்கித் துணையலகுகளைப் பிடித்து வைத்திருக்கும். சைக்ளிக் ஏஎம்பி (cAMP) என்ற சிறு செய்தி மூலக்கூறு வந்து ஒட்டியதும் பிடி தளர்ந்து வினையூக்கிகள் வேலையைத் தொடங்கிவிடும். ஆகவே ஒரே லைசேட்டை (செல்களை உடைத்து எடுத்த சாற்றை) இரண்டு விதமாக அளக்கலாம்: சைக்ளிக் ஏஎம்பி சேர்க்காமல் ஒன்று, தாராளமாகச் சேர்த்து இன்னொன்று. முதல் வேகத்தை இரண்டாவதால் வகுத்தால், செல்லில் இருந்த மொத்த பிகேஏவில் எவ்வளவு பங்கு விழித்திருந்தது என்று தெரியும். லைசேட்டில் புரதம் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது.

செல்களை ஐஸ் குளிர்ச்சியான பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசலில்) ஒருமுறை அலசி, உடனே லைசிஸ் (செல்லை உடைக்கும்) பஃபரில் சுரண்டி எடுங்கள். பஃபரில் 10 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட் (பி.எச். 6.8), 10 மில்லிமோலார் இடிடிஏ, 0.5 மில்லிமோலார் ஐபிஎம்எக்ஸ், கூடவே புரோட்டியேஸ் தடுப்பான்கள் இருக்கட்டும். இடிடிஏ மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்வதால் வினைகள் நிற்கும். ஐபிஎம்எக்ஸ், சைக்ளிக் ஏஎம்பியைப் பாஸ்போடைஎஸ்டரேஸ் தின்றுவிடாமல் காக்கும். உடைத்ததை அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே அளந்துவிடுங்கள், ஏனென்றால் ஐஸில் வைத்திருந்தாலும் அந்த விகிதம் மெல்ல நகரும்.

பிகேஏ பாஸ்பேட்டை ஏற்றுவதற்கு கெம்ப்டைட் என்ற 7 அமினோ அமிலப் பெப்டைட் போதும். 50 மைக்ரோலிட்டர் வினைக்கலவையில் டிரிஸ் பஃபர் (பி.எச். 7.5), 10 மில்லிமோலார் மக்னீசியம், 100 மைக்ரோமோலார் கெம்ப்டைட், 100 மைக்ரோமோலார் ஏடிபி (ATP), அந்த ஏடிபியில் காமா இடத்தில் (கைனேஸ் எடுத்து ஏற்றும் கடைசி பாஸ்பேட்டில்) கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 உள்ளதைச் சிறிதளவு கலந்திருக்க வேண்டும். பாஸ்படேஸ் கெடுக்காமல் இருக்க சோடியம் ஃப்ளோரைடும் சேருங்கள். 10 மைக்ரோலிட்டர் லைசேட் ஊற்றினால் அதனோடு 2 மில்லிமோலார் இடிடிஏவும் உள்ளே வரும், அதையும் ஏடிபியையும் தாண்டி மக்னீசியம் மிஞ்ச வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் பிகேஏவைத் தடுக்கும் பிகேஐ (PKI) பெப்டைட் போட்ட ஒரு ட்யூப் கட்டாயம். அதில் வரும் எண்ணிக்கை மற்ற கைனேஸ்களுடையது, அதைக் கழிக்காமல் பிகேஏ என்று எழுத முடியாது.

30 டிகிரியில் 5 நிமிடம். அப்புறம் 40 மைக்ரோலிட்டரை எடுத்து பாஸ்போசெல்லுலோஸ் தாளில் சொட்டுங்கள். தாளின் எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள், மை அமிலத்தில் கரைந்து போகும். தாளை 75 மில்லிமோலார் பாஸ்பாரிக் அமிலத்தில் 4 முறை, முறைக்கு 5 நிமிடமாகக் கழுவுங்கள். அமிலத்தில் கெம்ப்டைடின் இரண்டு ஆர்ஜினின்களும் நேர்மின்னோடு தாளைப் பற்றிக்கொள்ளும், ஏடிபி கழுவிக்கொண்டு போய்விடும். கடைசியாக அசிட்டோனில் ஒரு முக்கு, உலர்த்தி, சிண்டிலேஷன் கவுண்டரில் எண்ணுங்கள். முதல் கழுவலில்தான் கதிரியக்கம் மிக அதிகம், அதைத் தனியாகச் சேகரியுங்கள். அனுமதி பெற்ற அறையில், அக்ரிலிக் தடுப்புக்குப் பின்னால் நின்றுதான் இந்த வேலை. தனி ஈயத் தடுப்பு இங்கே சரிவராது, பீட்டா துகள்கள் அதில் மோதி எக்ஸ்-கதிரை உண்டாக்கும்.

கணக்கு இப்படி. கழுவாத கலவையில் 5 மைக்ரோலிட்டரில் 500 பிகோமோல் ஏடிபி இருக்கும். அது நிமிடத்துக்கு 1,00,000 எண்ணிக்கை கொடுத்தால், பிகோமோலுக்கு 200. தாளில் (பிகேஐ கழித்து) 8,000 வந்தால் 40 பிகோமோல், முழு 50 மைக்ரோலிட்டருக்கு 50. இதை 5 நிமிடத்தால் வகுத்து, ட்யூபில் இருந்த 10 மைக்ரோகிராம் புரதத்தாலும் வகுத்தால், மில்லிகிராம் புரதத்துக்கு நிமிடத்துக்கு 1 நானோமோல்.

ஆனால் 2, 4, 6, 8 நிமிடங்களில் எடுத்த புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தால்தான் இந்த எண்ணுக்கு மதிப்பு. லைசேட்டை இரட்டித்தால் வேகமும் இரட்டிக்க வேண்டும். கோடு வளைந்தால் நேரத்தையோ லைசேட்டையோ குறையுங்கள்.

கதிரியக்கம் வேண்டாம் என்றால், பைருவேட் கைனேஸையும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸையும் கோத்து, ஏடிபி உடைவதற்கு ஏற்ப என்ஏடிஎச் (NADH) குறைவதை 340 நானோமீட்டரில் பார்க்கும் முறை இருக்கிறது. தூய்மைப்படுத்திய நொதிக்கு அருமையான முறை. கச்சா லைசேட்டுக்கு வேண்டாம், ஏடிபியை உடைக்கும் எல்லாமே அதில் கைனேஸ் போலத் தெரியும்.

தூண்டாத செல்லோடு ஃபோர்ஸ்கோலினும் (சைக்ளிக் ஏஎம்பியை உயர்த்தும் பொருள்) ஐபிஎம்எக்ஸும் கொடுத்த செல்லையும் ஒவ்வொரு முறையும் வையுங்கள். அதிலும் விகிதம் ஏறவில்லை என்றால், உடைத்தபின் துணையலகுகள் மறுபடி சேர்ந்துவிட்டன என்று முதலில் சந்தேகப்படுங்கள். ஒழுங்குபடுத்தும் துணையலகைப் பொறுத்து பிகேஏ இரண்டு வகை. கொழுப்புத் திசு போல இரண்டாம் வகை பிகேஏ மிகுந்த இடங்களில் இது வேகமாக நடக்கும். லைசிஸ் பஃபரில் 0.5 மோலார் உப்பு சேர்த்தால் தடுக்கலாம். எலி இதயம் போல முதல் வகை மிகுந்த திசுவில் அதே உப்பு தானாகவே துணையலகுகளைப் பிரித்து, ஓய்வு நிலை விகிதத்தைப் பொய்யாக உயர்த்திவிடும், அங்கே உப்பில்லாமல் செய்யுங்கள்.