ஈவ் ஆன்லைன்ல இஸ்க் சம்பாதிக்க எனக்குப் பிடிச்ச வழிகள், அப்புறம் அதை ஜீட்டா வரைக்கும் கொண்டு போய்ச் சேக்குறது எப்படி

ஈவ் புதுசா ஆரம்பிச்ச எல்லாரும் கேக்குற முதல் கேள்வி ஒரு மணி நேரத்துக்கு எவ்ளோ இஸ்க் வரும்ங்கறதுதான். நானும் அப்படித்தான் கேட்டுட்டு திரிஞ்சேன். இப்ப யாராச்சும் கேட்டா நான் திருப்பிக் கேக்குறது, அந்த ஒரு மணி நேரத்துல எத்தனை கப்பலை விட்டீங்க, எடுத்த சரக்கு கேமோட பெரிய சந்தையான ஜீட்டாவுக்கு வந்து சேந்துச்சா, வித்துக் காசாச்சா? ஏன்னா இந்த கேம்ல ஹோல்டுக்குள்ள, அதாவது கப்பலோட சரக்கு அறையில, இருக்குற சரக்கு உங்களுது கிடையாது, ஸ்டேஷனுக்குள்ள வந்தப்புறம்தான் உங்களுது. இதை நான் மூணு நாலு கப்பல் குடுத்துக் கத்துக்கிட்டேன்.

தெரியாதவங்களுக்கு மட்டும் சுருக்கமா: இது 2003ல ஐஸ்லாந்துக்காரங்க விட்ட விண்வெளிக் கப்பல் கேம், உள்ள ஓடுற காசு பேரு இஸ்க், இன்டர்ஸ்டெல்லர் கிரெடிட்டோட சுருக்கம், ஐஸ்லாந்தோட நிஜக் காசுக்கும் அதே மூணு எழுத்துதான் குறியீடு, யாரோ குசும்பா வச்சிருக்காங்க. கேம்ல இருக்குற நட்சத்திர சிஸ்டத்துக்கெல்லாம் ஒரு செக்யூரிட்டி நம்பர் உண்டு, 0.5ல இருந்து 1.0 வரைக்கும் ஹைசெக், 0.1ல இருந்து 0.4 வரை லோசெக், அதுக்குக் கீழ நல்செக், அப்புறம் தனியா வார்ம்ஹோல், அதாவது திறந்து மூடுற ஓட்டை வழியா மட்டும் போய்ச் சேர்ற சிஸ்டம். ஹைசெக்ல உங்களை யாராச்சும் அடிச்சா கான்கார்டு போலீஸ் வந்து அடிச்சவனைப் பொசுக்கும். ஆனா அது வந்து உங்களைக் காப்பாத்தாது, பழிதான் வாங்கும். இந்த வித்தியாசம் புரியாமதான் பாதிப் பேர் காசைத் தொலைக்குறாங்க.

முதல் வாரம் வேற எதுவும் யோசிக்காம புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுக்குற கெரியர் ஏஜென்ட் மிஷன் எல்லாத்தையும் முடிச்சிடுங்க, கப்பலும் கொஞ்சம் இஸ்க்கும் சும்மாவே குடுப்பாங்க, அது முடிஞ்சதும் ஆர்னான் சிஸ்டத்துல இருக்குற சிஸ்டர் அலிட்டூராகிட்ட போனா சிஸ்டர்ஸ் ஆஃப் ஈவோட எபிக் ஆர்க், அதாவது கதையா தொடர்ற மிஷன் வரிசை, ஆரம்பிக்கும், நீளமா போயிட்டே இருக்கும் ஆனா கை செலவுக்குக் காசு சேந்துடும்.

அப்புறம் எல்லாரும் மைனிங்ல விழுவாங்க. வென்ச்சர் நல்ல கப்பல்தான், தாது வைக்கிற ஹோல்ட் 5000 கன மீட்டர், பிடிச்சு வைக்க வர்றவன்கிட்ட இருந்து தப்பிக்க வார்ப் (அதிவேகமா பறந்து போறது) கோர் பலம் பிறவியிலயே ரெண்டு கூட இருக்கு. ஆனா வெல்ட்ஸ்பார் பாறையை லேசரால பாத்துட்டே உக்காந்திருக்கறது எனக்கு ஒத்து வரல, ரெண்டாவது நாளே தூங்கிட்டேன். வேற வேலை பாத்துக்கிட்டே ஒரு ஓரமா ஓட விடணும்னா பண்ணுங்க, குரூப்பா ஒருத்தர் ஆர்க்காங்கற பெரிய கப்பலை வச்சு பூஸ்ட் குடுத்தா வரும்படி கூடும். நமக்கு அது வேணாம்.

எனக்குப் பிடிச்சது ரெலிக் வேட்டை, அதாவது மறைஞ்சு கிடக்குற இடத்தை (சைட்) ஸ்கேன் பண்ணிக் கண்டுபிடிச்சு, அங்க இருக்குற பெட்டியை ஹேக் பண்ணி சரக்கை எடுக்குறது. கையில பத்து பைசா இல்லாதவனும் ஆரம்பிக்கலாம், துப்பாக்கியே தேவையில்ல, ஹெரான், இமிகஸ், மேக்னேட், ப்ரோப் இந்த நாலுல உங்க இனத்துக்கு எது வருதோ அந்த ஃப்ரிகேட் (சின்ன கப்பல்) போதும். கோர் ப்ரோப் லாஞ்சர் (சைட்டைத் தேடுற ப்ரோபுங்கற கருவியை விடுறது), ரெலிக் அனலைசர், டேட்டா அனலைசர், ஓடித் தப்பிக்க மைக்ரோவார்ப் டிரைவ், கண்ணுக்குத் தெரியாம மறைய ஒரு க்ளோக், இடம் இருந்தா கார்கோ ஸ்கேனர். இந்தக் கடைசி ஐட்டத்தை நிறையப் பேர் போடுறதில்ல, ஆனா கேனை (அந்தச் சரக்குப் பெட்டியை) திறக்குறதுக்கு முன்னாடியே உள்ள என்ன இருக்குன்னு காட்டிடும், குப்பைக்காக ரெண்டு நிமிஷம் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்ல.

ஸ்கேன் பண்றது பாக்கப் பயமா இருக்கும், விஷயம் சின்னது. எட்டு ப்ரோபையும் விட்டு, பின்பாயின்ட் ஃபார்மேஷன் வச்சு, சிக்னேச்சர் (ஸ்கேனர்ல தெரியுற சைட்டோட அடையாளம்) மேல நடுவுல நிறுத்தி ஸ்கேன் பண்ணுங்க, அப்புறம் ரேஞ்சைப் பாதி பாதியா குறைச்சுக்கிட்டே, ஒவ்வொரு தடவையும் மறுபடி நடுவுக்கு நகத்திக்கிட்டே வாங்க, நூறு சதவீதம் ஆனா வார்ப் பண்ணலாம். சைட் பேருல குரிஸ்டாஸ், சான்ஷா, செர்பென்டிஸ், பிளட் ரெய்டர், ஏஞ்சல்னு கொள்ளைக்கூட்டப் பேரு இருந்து, ரெலிக் இல்ல டேட்டான்னு போட்டிருந்தா உள்ள காவல் இருக்காது, தாராளமா போங்க. வார்ம்ஹோல்ல ஃபர்காட்டன், அன்செக்யூர்டுன்னு ஆரம்பிச்சா கிட்ட போகாதீங்க, அங்க ஸ்லீப்பர்ங்கற கம்ப்யூட்டர் எதிரி இருக்கும், ஃப்ரிகேட்டை ஊதித் தள்ளிடும். கோவர்ட் ரிசர்ச் ஃபெசிலிட்டின்னு வந்தா அது கோஸ்ட் சைட், வெடிக்கும், பழகுற வரைக்கும் வேணாம். ரெலிக்கா டேட்டாவான்னா கண்ணை மூடிட்டு ரெலிக். அதுல வர்ற இன்டாக்ட் ஆர்மர் பிளேட், பவர் சர்க்யூட் மாதிரி ஐட்டமெல்லாம் டெக் டூ ரிக் (கப்பல்ல மாட்டுற உசத்தியான மேம்பாட்டு ஐட்டம்) செய்யத் தேவைப்படுறது, சைஸ் துளியூண்டு, விலை நல்லா இருக்கும். நல்செக்ல ஒரே கேன்ல பத்து இருபது மில்லியன் வந்த நாளும் உண்டு, மொத்த சைட்டும் சேத்து மூணு மில்லியன் தேறாத நாளும் உண்டு.

ஹேக்கிங் மினி கேம்தான் இதோட உசுரு. ஒரு பலகை மாதிரி விரியும், புள்ளி புள்ளியா திறந்துக்கிட்டே போய் சிஸ்டம் கோரைக் கண்டுபிடிச்சு உடைக்கணும். ஃபயர்வால், ஆன்ட்டி வைரஸ்னு நடுவுல குறுக்க வரும், அது திறந்துச்சுன்னா சுத்தி இருக்குற புள்ளியை அடைச்சிடும், அதைக் கொன்னாதான் வழி. ரெஸ்டோரேஷன் நோடு வந்தா மத்த எல்லாத்தையும் விட்டுட்டு முதல்ல அதை அடிங்க, இல்லன்னா ஒவ்வொரு டர்னும் மத்ததுக்கு உயிர் ஏத்திக்கிட்டே இருக்கும். சப்ரசரும் அப்படித்தான், ஹேக் பண்ண நீங்க விடுற வைரஸோட பலத்தைக் குறைச்சிடும். செல்ஃப் ரிப்பேர், பாலிமார்ஃபிக் ஷீல்டு மாதிரி உதவி ஐட்டம் கிடைச்சா உடனே போட்டுத் தீத்துடாதீங்க, கோர் பக்கத்துல வர்ற வரைக்கும் பத்திரமா வைங்க. முதல் தடவை தோத்தா பரவால்ல, ரெண்டாவது தடவையும் தோத்தா கேன் வெடிச்சுடும், சரக்கும் போச்சு.

இதெல்லாம் பண்ணும்போது இடது கை வி பட்டன்லயே இருக்கணும், அதுதான் சுத்தி யாரு இருக்கான்னு காட்டுற டி-ஸ்கேன். 14.3 ஏயூ (ஒரு ஏயூன்னா பூமிக்கும் சூரியனுக்கும் இருக்குற தூரம்) தூரத்துக்குள்ள யாராச்சும் கப்பல் வந்தா, கப்பலைத் தேடுற காம்பாட் ப்ரோப் விட்டா, லிஸ்ட்ல தெரியும், ஆனா க்ளோக் போட்டவன் தெரிய மாட்டான். வார்ம்ஹோல்ல லோக்கல் சாட்ல வேற யாரு பேரும் தெரியாது, அவங்களா வாயைத் திறந்தாதான் உண்டு, அதனால அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை அழுத்துறது வெறி இல்ல, பழக்கம்.

என் கதையைச் சொல்றேன். ஒரு நாள் நல்செக்ல நாலு சைட் வரிசையா அமைஞ்சு ஹோல்டுல 140 மில்லியன் சொச்சம், அப்பவே கிளம்பியிருக்கணும். வர்ற வழியில இன்னொரு ரெலிக் கண்ணுல பட்டுச்சு, சரி இது ஒண்ணுன்னு இறங்கினேன், மூணாவது கேன்ல கோருக்கு ஒரு புள்ளி பாக்கி, டி-ஸ்கேன் சுத்தமாதான் இருந்துச்சு, ஏன்னா வந்தவன் க்ளோக்ல வந்து நான் ஹேக் பண்றதை உக்காந்து வேடிக்கை பாத்துட்டு இருந்திருக்கான். ரெண்டு செகண்டுல ஹெரான் காலி. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல. அன்னைக்கு போட்ட விதி, ஹோல்டுல கப்பல் விலையை மாதிரி பத்து மடங்கு சேந்துட்டா வீட்டுக்குத்தான், வழியில எது தெரிஞ்சாலும் திரும்பிப் பாக்கக் கூடாது.

வீட்டுக்கு வர்ற வழியையும் முன்னாடியே யோசிங்க. வார்ம்ஹோலுக்குள்ள நுழைஞ்ச உடனே அந்த ஓட்டையை புக்மார்க் பண்ணுங்க, ஆயுசு முடிஞ்சா இல்ல நிறைய கப்பல் போய் எடை தாண்டிட்டா மூடிடும், அப்ப ப்ரோப் இருந்தாதான் வேற வழி தேட முடியும், ப்ரோப் இல்லாம உள்ள மாட்டினா பாட் (கப்பலுக்குள்ள நீங்க இருக்குற சின்னக் கூடு) வெடிச்சு வீட்டுல எந்திரிக்கறதுதான் வழி. தேரான்னு ஒரு வார்ம்ஹோல் சிஸ்டம் இருக்கு, உள்ளயே ஸ்டேஷன் உண்டு, நாலா பக்கமும் வழி போகும், எந்த வழி எங்க திறக்குதுன்னு ஈவ்-ஸ்கவுட் ஆளுங்க தினமும் பாத்துப் போடுறாங்க. இருபது முப்பது ஜம்ப்பை (ஒரு சிஸ்டத்துல இருந்து அடுத்ததுக்குத் தாவுறது) ரெண்டு மூணு ஜம்ப்பா குறைச்சுக் குடுத்த புண்ணியவானுங்க.

வென்ச்சர் சும்மா கிடக்குன்னா வார்ம்ஹோல்ல கேஸ் (வாயு) எடுத்துப் பாருங்க. சாதாரண கேஸ் சைட்ல ஸ்லீப்பர் உடனே வராது, கால் மணி நேரம் மாதிரி டைம் கிடைக்கும், அதுக்குள்ள அள்ளிட்டு ஓடிடணும். திருட்டு மாங்கா மாதிரிதான், ருசி தனி.

தினமும் நேரம் கிடைக்காதவங்களுக்கு பிளானட்டரி. கிரகத்துல கமாண்ட் சென்டர் இறக்கி, எக்ஸ்ட்ராக்டர், ஃபேக்டரி எல்லாம் கோடு போட்டு இணைச்சு விட்டா நீங்க ஆஃப்லைன்ல இருந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். ஸ்கில் ஏத்தினா ஒரு கேரக்டருக்கு ஆறு கிரகம். எக்ஸ்ட்ராக்டர் சைக்கிளைச் சின்னதா வச்சா சரக்கு கூட வரும், ஆனா அடிக்கடி வந்து க்ளிக் பண்ணணும், பெருசா வச்சா சரக்கு குறைவு, நிம்மதி கூட. நான் மூணு நாள் வைக்கிறேன், அதுக்கு மேல கேமுக்கு அடிமை ஆக முடியாது. கஸ்டம்ஸ் ஆஃபீஸ் டேக்ஸ் எவ்ளோன்னு பாக்காம மட்டும் கிரகத்தைத் தேர்ந்தெடுக்காதீங்க, பாதி லாபம் அதுலயே போயிடும், எனக்குப் போச்சு.

மார்க்கெட் சொல்றேன். ஜீட்டா நாலாவது கிரகம், நாலாவது நிலா, கால்டாரி நேவி அசெம்பிளி பிளான்ட், கேமோட சந்தையே இதுதான். இங்க உக்காந்தே கம்மி விலைக்கு பை ஆர்டர், அதிக விலைக்கு செல் ஆர்டர்னு வச்சு ஓட்டுறது ஸ்டேஷன் டிரேடிங். முன்னாடி ஆளாளுக்கு 0.01 இஸ்க் குறைச்சுக் குறைச்சு நாள் பூரா சண்டை போடுவாங்க, 2020ல விலையை நாலு இலக்கத்துக்குத்தான் மாத்த முடியும்னு கொண்டு வந்துட்டாங்க, மாத்துறதுக்கும் கட்டணம், அதனால இப்ப கொஞ்சம் மூளையைப் போட்டு விலை வைக்கணும். புரோக்கர் கட்டணத்தையும் சேல்ஸ் டேக்ஸையும் கழிச்சப்புறம் என்ன மிஞ்சுதுன்னு பாருங்க, கழிக்காம பாத்தா எல்லாமே லாபமாத்தான் தெரியும். அக்கவுன்டிங், புரோக்கர் ரிலேஷன்ஸ் ரெண்டு ஸ்கில்லையும் முதல்லயே ஏத்துங்க.

எனக்குப் பிடிச்சது ஜீட்டாவுல வாங்கி வெளியூர்ல விக்குறது. பெரிய ஐட்டம் வேணாம். கெரியர் ஏஜென்ட் இருக்குற ஸ்டேஷன் பக்கமா போய்ப் பாருங்க, புதுப் பசங்களுக்கு ஆஃப்டர்பர்னர், ப்ரோப் லாஞ்சர் மாதிரி ஐட்டமெல்லாம் வேணும், ஜீட்டா வரைக்கும் போய் வாங்க யாருக்கும் பொறுமை இருக்காது, ரெண்டு மடங்கு விலை வச்சாலும் போகும். ஒரு ஃப்ரிகேட் ஹோல்டுலயே அடைக்கலாம், மொத்த முதலே சில மில்லியன்தான். ஆர்டர் 90 நாள் வரைக்கும் நிக்கும், வச்சுட்டு மறந்துடலாம்.

மிஷன் பத்தி நிறைய சொல்ல மாட்டேன், லெவல் ஃபோர் வரைக்கும் ஏத்தினா நிலையான வரும்படி, ஆனா எதிரியைக் கொன்னா வர்ற பவுன்ட்டியை விட லாயல்டி பாயின்ட்லதான் காசு, அதை எந்த ஐட்டமா மாத்தினா ஒரு பாயின்ட்டுக்கு எத்தனை இஸ்க் வருதுன்னு கணக்குப் போடாம ஸ்டோர்ல எதையும் எடுக்காதீங்க.

அபிஸ் வேற ரகம். ஃபிலமென்ட்டுங்கற சாவி மாதிரி ஐட்டத்தைத் திறந்தா தனி உலகம், மூணு ரூம், 20 நிமிஷம், அதுக்குள்ள வெளிய வரலன்னா கப்பலும் போச்சு, பாட் கூடப் போச்சு. கஷ்டத்தோட படி (டியர்) சைபர்ல இருந்து ஆறு வரைக்கும் இருக்கு, கில்லாங்கற கப்பலை வச்சு ஒண்ணு ரெண்டுல பழகிட்டு மேல போங்க. டார்க் ஃபிலமென்ட் டரெட் (பீரங்கி) ரேஞ்சைக் குறைக்கும், கில்லாவுக்கு ட்ரோனும் மிஸைலும்தான் அடிங்கறதால நமக்கு வலிக்காது. கிடைக்குற டிரிக்லேவியன் சர்வே டேட்டாபேஸை என்பிசியே (கேமே நடத்துற கம்ப்யூட்டர் ஆள்) ஒண்ணுக்கு ஒரு லட்சம் இஸ்க்னு வாங்கிக்கும், விலை இறங்குற பயம் இல்ல. நெட் கட் ஆகுற வீட்டுல இருந்தா இந்தப் பக்கமே வராதீங்க, நான் அப்படி ஒரு கில்லாவை விட்டேன், ரெண்டாவது ரூம், பதினோரு நிமிஷம் பாக்கி, ரவுட்டர்ல சிவப்பு லைட்டு.

கடைசியா கொண்டு சேக்குறது. ஆட்டோபைலட் போட்டுட்டு டீ போடப் போகாதீங்க, அது கேட்டுக்கு (அடுத்த சிஸ்டத்துக்குப் போற வாசல்) பல கிலோமீட்டர் முன்னாடியே இறக்கி விட்டுட்டு மெதுவா நீந்தும். ஜீட்டாவைச் சுத்தி உயடாமா மாதிரி 0.5 சிஸ்டத்துல கேட்டாலிஸ்ட் கப்பல் வச்சிருக்குற கொள்ளைக்கூட்டம் கார்கோவை ஸ்கேன் பண்ணிட்டுக் காத்துட்டு இருக்கும், கான்கார்டு வர்றதுக்குள்ள உங்களை முடிச்சிட்டா அவனுக்குப் போறது மலிவு டெஸ்ட்ராயர், கிடைக்கிறது உங்க சரக்குல பாதி மாதிரி. அவன் போடுற கணக்கை நீங்க முதல்லயே போடுங்க, லாபம் வராத அளவுக்கு மட்டும் ஏத்துங்க, மீதியை இன்னொரு டிரிப் அடிங்க. நிறைய இருந்தா கொரியர் கான்ட்ராக்ட் போட்டு சரக்கு விலைக்கு ஈடா கொலாட்டரல் (எடுத்துட்டுப் போறவன் கட்டுற பிணைக் காசு) வைங்க, தொலைச்சா அந்தக் காசு உங்களுக்கு வந்துடும்.

இஸ்க் குடுத்து பிளெக்ஸ்ங்கற ஐட்டத்தை வாங்கி அதுலயே ஓமெகா (கேமோட மாசச் சந்தா) ஓட்டலாம்னு எல்லாருக்கும் ஆசை வரும், ஒரு மாசத்துக்கு 500 பிளெக்ஸ், ஜீட்டா விலையைப் பாத்துட்டு உங்க வேகத்துக்கு எத்தனை மணி நேரம்னு வகுத்துப் பாருங்க. எனக்கு ஒரு மாசம் அது ரெண்டாவது வேலையா ஆகி கேமே வெறுத்துப் போச்சு, அதுக்கப்புறம் விட்டுட்டேன். வெளிய யாரோ நிஜக் காசுக்கு இஸ்க் விக்குறான்னு போகாதீங்க, அக்கவுன்ட் பேன் ஆகும்.

ஜீட்டா லோக்கல்ல அனுப்புற இஸ்க்கை டபுளாக்கித் தரேன்னு ஒருத்தன் நாள் பூரா கத்திட்டே இருப்பான், சின்னதா அனுப்பிப் பாத்தா நிஜமாவே திருப்பி அனுப்புவான், பெருசா அனுப்புறதுக்குத்தான் அந்தத் தூண்டில். கான்ட்ராக்ட்லயும் அப்படித்தான், கப்பல் விலை 80 மில்லியன்னு நினைச்சு அக்செப்ட் அடிப்பீங்க, அங்க 800 மில்லியன்னு இருக்கும். பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடி சைபரை விரல் வச்சு எண்ணுங்க.