கரகம் பாக்க போறீங்களா, குடத்துக்குள்ள என்னன்னு மட்டும் கேக்காதீங்க

பெங்களூர் வந்து எத்தனை வருஷம் ஆனாலும் நம்மாளுங்க நிறைய பேர் இங்க நடக்கற கரகம், அதான் குடத்த தலைல சுமந்துட்டு போற திரௌபதி திருவிழா, பாத்ததே இல்ல. யுகாதி கழிச்சு வர்ற முதல் பௌர்ணமி ராத்திரி, திகளர்பேட்டை தர்மராயசாமி கோயில். காரை எடுத்துட்டு போகாதீங்க, சிக்பேட்டை மெட்ரோல இறங்கி நடந்துடுங்க, ஆனா கரகம் வெளிய வரவே நடுராத்திரி தாண்டிடும், திரும்பி வர மெட்ரோ இருக்காது, விடியுற வரைக்கும் அங்கயே இருக்கற மாதிரி பிளான் பண்ணிக்கோங்க.

கதைய தெரிஞ்சுட்டு போனா தான் சுவாரசியம். பாண்டவர் சொர்க்கத்துக்கு போறப்போ திரௌபதி பின்னாடி தங்கிட்டா, அப்போ திமிராசுரன் வந்தான், அவ சக்தியா மாறி வீரகுமாரர்கள்ங்கற படைய உண்டாக்கி அவன ஒழிச்சா. அவள போக வேணாம்னு அந்த வீரர்கள் கெஞ்சவும் வருஷா வருஷம் வரேன்னு வாக்கு குடுத்தாளாம். அவ வர்றது அந்தக் குடத்துல தான்னு நம்பிக்கை. உள்ள என்ன இருக்குன்னு வெளிய சொல்லவே மாட்டாங்க, பக்கத்துல நின்னவர்கிட்ட கேட்டுட்டு நான் வாங்கின முறைப்பு இருக்கே!

சுமக்கறவர் ஆம்பள தான், ஆனா மஞ்சள் புடவை, வளையல், தாலி எல்லாம் உண்டு. தலைல கோபுரம் மாதிரி மல்லிப்பூ, கையால புடிக்காம நடப்பார், சுத்தி உருவின கத்தியோட வீரகுமாரர்கள். வழி விட்டு ஒதுங்கிடுங்க, செல்ஃபிக்கு குறுக்க போகாதீங்க. தவக்கல் மஸ்தான் தர்காகிட்ட நின்னா நல்லா பாக்கலாம், கரகம் அங்க போய்ட்டு தான் போகும்.