பூட்டிக் கிடக்கும் ஊர் வீட்டுக்குக் குறைந்த செலவில் காப்பீடு

சென்னையில் இருந்துகொண்டு, தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் வீட்டுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி எடுத்தேன். 2021 ஏப்ரலில் வந்த, எல்லா நிறுவனங்களிலும் ஒரே அடிப்படை வாசகம் கொண்ட வீட்டுக் காப்பீட்டுப் பாலிசி இது. தீ, புயல், வெள்ளம் எல்லாம் இதில் அடக்கம். டெல்டாக்காரர்களுக்கு 2018 கஜா புயலை நினைவூட்ட வேண்டியதில்லை.

முதலில் மனை விலையைக் கழித்துவிடுங்கள். திரும்பக் கட்ட ஆகும் செலவுக்குத்தான் காப்பீடு. கார்ப்பெட் ஏரியா (சுவர்களுக்கு உள்ளே இருக்கும் தரைப் பரப்பு) 1,000 சதுர அடி, கட்டுமானச் செலவு அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 20 லட்சம் போதும். அடி விலைக்கு ஆன்லைன் கால்குலேட்டரைவிட உள்ளூர் இன்ஜினியரைத்தான் நம்புவேன்.

அடுத்தது வீட்டுப் பொருள்கள். அவற்றையும் சேர்த்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சத்துக்குக் காப்பு தானாகவே வரும். பழைய கட்டிலும் அண்டாவும்தான் இருக்கின்றன என்றால் கட்டடத்துக்கு மட்டும் எடுங்கள்.

இனி வருவதுதான் என்னை அலைக்கழித்த இடம். நம் வீடு பூட்டியே கிடக்கிறது. வழக்கமான தீ விபத்து பாலிசியில், வீடு 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால், நிறுவனத்தின் சம்மதத்தைப் பாலிசியில் பதிந்திருந்தாலொழிய காப்பு நின்றுவிடும். அதனால் எந்தப் பாலிசி எடுத்தாலும் முழு வாசகத்தை வாங்கி, ஆளில்லாத வீடு பற்றிய நிபந்தனையைத் தேடிப் படியுங்கள். விண்ணப்பத்திலேயே 'பூட்டியிருக்கும் வீடு, மாதம் ஒருமுறை வந்து பார்ப்போம்' என்று உள்ளதை எழுதுங்கள். நிறுவனத்தின் சம்மதத்தை எண்டார்ஸ்மென்டாக (பாலிசியோடு சேர்க்கும் குறிப்பாக), எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் போனில் "பரவாயில்லை சார்" என்பது கிளைம் நேரத்தில் நிற்காது. இதற்காகவே நேரில் கிளை அலுவலகம் போவதை விரும்புகிறேன்.

அப்புறம், ஆண்டுக்கணக்கு. பத்து ஆண்டுவரை சேர்த்து எடுக்கலாம். நீண்ட காலப் பாலிசிக்குப் பல நிறுவனங்கள் தள்ளுபடி தருகின்றன. கட்டடத்தின் காப்பீட்டுத் தொகையும் ஆண்டுக்கு 10 சதவீதம் கூடுதல் பிரீமியம் இல்லாமல் ஏறும். விலைவாசி ஏறுமே என்று இப்போதே தொகையைக் கூட்டிப் போட வேண்டாம்.

பின்சேர்க்கை: திருட்டு பற்றியும் ஒரு வார்த்தை. புயல், தீ போன்றவை நடந்து 7 நாளுக்குள், அதன் காரணமாக நடக்கும் திருட்டுக்கு மட்டுமே இதில் இழப்பீடு. மற்றபடி தனியாகத் திருட்டுக் காப்பு வேண்டும். இரண்டாவது வீடு அடுக்குமாடியில் என்றால், சங்கம் மொத்தக் கட்டடத்துக்கும் பாலிசி வைத்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் உங்களுக்குப் பொருள்களுக்கு மட்டும் எடுத்தால் போதும்.