கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு போத்தல் திமொராஸ்ஸோ

பலெர்மோவில் இருக்கிற மச்சான் போன முறை திருகோணமலைக்கு வந்தபோது இரண்டு போத்தல் திமொராஸ்ஸோ வைன் கொண்டுவந்தான். முதலாவதை நாங்கள் வீணாக்கிவிட்டோம். ஐஸ் கட்டி போட்டு, உறைப்பான நண்டுக் கறியோடு குடித்தோம், புளித் தண்ணீர் மாதிரி இருந்தது. இரண்டாவதை ஒழுங்காகக் குடித்தபோதுதான் அது என்ன வைன் என்று விளங்கியது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வட இத்தாலியின் பியமொந்தே மாநிலத்தில், தொர்தோனா நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில் விளைகிற வெள்ளைத் திராட்சை இது. ஒரு வருடம் காய்த்ததுபோல் மறு வருடம் காய்க்காது என்பதால் விவசாயிகள் இதைக் கைவிட்டு, சுலபமாகக் காய்க்கிற கொர்த்தேசே என்ற இன்னொரு திராட்சையை நட்டார்கள். 1980களில் மொன்லெயாலே ஊரைச் சேர்ந்த வால்தர் மாஸ்ஸா, மிச்சமிருந்த கொஞ்சக் கொடிகளின் பழத்தைத் தனியாக வைனாக்கத் தொடங்கினார், அதற்குப் பிறகுதான் மற்றவர்களும் திரும்பி வந்தார்கள். லேபிளில் தெர்தோனா என்று இருந்தாலும் குழம்ப வேண்டாம், அது தொர்தோனாவின் ரோமர் காலப் பெயர்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து கொண்டுவரும்போது வாகனத்தின் டிக்கியில் போடாதீர்கள், வெயிலில் வைன் வெந்துவிடும். மீன் கொண்டுபோகிற ரெஜிபோம் பெட்டி போதும். வீட்டில் பிரிட்ஜின் கீழ்த்தட்டில், மரக்கறி வைக்கிற இடத்தில், படுக்க வையுங்கள். அலுமாரியில் மட்டும் வேண்டாம், கச்சான் வீசுகிற மாதங்களில் இரவிலும் நம் அறைகள் ஆறுவதில்லை.

குடிக்கிற சூடுதான் முக்கியம். பிரிட்ஜில் இருந்து எடுத்த கையோடு ஊற்றினால் மணம் வராது, புளிப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும். வெளியே எடுத்து இருபது நிமிடம் போல வைத்து, 12 பாகை அளவில் ஊற்றுங்கள். சரி, வெப்பமானி இல்லையா? போத்தலைத் தொட்டால் குளிர வேண்டும், கை விறைக்கக் கூடாது. பெரிய கிளாஸில் கால்வாசி ஊற்றி, போத்தலைத் திரும்ப பிரிட்ஜில் வையுங்கள், ஏனென்றால் இங்கே கிளாஸில் இருக்கிற வைன் பத்து நிமிடத்தில் சூடாகிவிடும்.

ஐந்தாறு வருடம் பழசான போத்தலில் தேன் மணத்தோடு மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசம் லேசாக எழும். கெட்டுப்போனது என்று ஊற்றிவிடாதீர்கள், இந்தத் திராட்சை முதிர்ந்தால் அப்படித்தான்.

சாப்பாட்டுக்கு என் தெரிவு விளைமீன் சொதி. தேங்காய்ப்பாலின் கொழுப்பை வைனின் புளிப்பு வெட்டும், வைனுக்கும் அதைத் தாங்குகிற கனம் இருக்கிறது. பச்சை மிளகாயைக் குறைத்து, தேசிக்காய்ப் புளியையும் பாதியாக்குங்கள், இரண்டு புளிப்பும் மோதக் கூடாது. உள்ளி போட்டு வதக்கிய கணவாயும் நல்லது. தூள் போட்ட கறி எதுவும் வேண்டாம், உறைப்பில் மதுவின் எரிவு இரட்டிப்பாகும்.

மிஞ்சினால் தக்கையை இறுக்கி பிரிட்ஜில் வையுங்கள். எங்கள் இரண்டாவது போத்தல் மறுநாள் பின்னேரம் இன்னும் நன்றாக இருந்தது.