பினாங்கு வெயிலும் சன்ஸ்கிரீனும்: நாம் செய்யும் தவறுகள்

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பும்போது சித்தப்பாவிடம் சன்ஸ்கிரீனை நீட்டினேன். "நாமதான் கறுப்பாச்சேம்மா, நமக்கு எதுக்கு?" என்றார். நம்மில் பலரும் சொல்வது இதைத்தான். கறுத்த தோலிலுள்ள மெலனின் என்ற நிறமி ஓரளவு காப்பது உண்மை, ஆனால் அது முழுக் கவசம் இல்லை. கன்னத்தில் மங்கு படர்வதும், பரு ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்தே கிடப்பதும் நம்மைப் போன்ற தோலில்தான் அதிகம். வெயில் பட்டால் இரண்டும் கூடும்.

சரி, பூசுகிறவர்கள் எங்கே தவறுகிறார்கள்? அளவில்தான். டியூபில் இருக்கும் எஸ்.பி.எஃப். எண், அதாவது வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்ற அளவு, 1 சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துக் கண்டது. நாமோ பொட்டுப் பொட்டாக வைத்து இழுத்துத் தேய்க்கிறோம். பெரும்பாலும் அதில் பாதிகூட வராது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். பத்து பெரிங்கி கடற்கரையில் உடம்பு முழுக்கப் பூச ஏறக்குறைய 30 மில்லி வேண்டும். எஸ்.பி.எஃப். 30 தோலைச் சுடும் புற ஊதாக் கதிரான யுவி-பி-யில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கும், 50 சுமார் 98. விலை உயர்ந்த 50-ஐச் சிக்கனமாகத் தடவுவதைவிட, கட்டுப்படியாகும் 30-ஐத் தாராளமாகப் பூசுங்கள். இன்னொரு வகைப் புற ஊதாக் கதிரான யுவி-ஏ-யையும் தடுக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது நேரம். பன்னிரண்டு மணி தாண்டினால் வெயில் இறங்கிவிடும் என்று நினைக்கிறோம். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அதனால் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1.15 வாக்கில், தைப்பூச மாதத்தில் 1.30-ஐ ஒட்டி. காலையில் பசியாறிவிட்டுப் பூசியது அதுவரை நிற்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பூச வேண்டும். வியர்த்துத் துண்டால் துடைத்துவிட்டால் உடனே. மேகம் மூடியிருந்தாலும் இதே கணக்குதான்.

அப்புறம் மொட்டை. அன்றுவரை வெயிலே படாத தோல் திடீரென்று உச்சி வெயிலுக்கு வருகிறது. சந்தனம் குளிர்ச்சி தரும்; ஆனால் அது புற ஊதாக் கதிரை நிறுத்தும் என்று நம்பாதீர்கள். கத்தி பட்ட கீறலில் சன்ஸ்கிரீனும் பூசக்கூடாது, எரியும். தொப்பியோ துண்டோதான் நல்லது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு கிரீம் வேண்டாம்; நிழலும் மெல்லிய துணியும் போதும். காதும் பின்கழுத்தும் எல்லாரும் மறக்கிற இடம். வெறுங்காலோடு நடக்கிறவர்கள் பாதத்தின் மேல்பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டியூபை வெயிலில் நிற்கும் காரில் விட்டுப் போகாதீர்கள், சூட்டில் கெட்டுவிடும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும், வெளுப்பாக்கும் என்று சொல்லும் கிரீம்களிடம் எனக்குப் பயமே உண்டு. பாதரசம், ஹைட்ரோகுவினோன் கலந்தவற்றை மலேசியாவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ. பலமுறை தடை செய்திருக்கிறது. அதன் இணையத்தளத்தில் பொருளின் பெயரைத் தேடி, பதிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே முகத்தில் வையுங்கள்.

மோட்டாரில் பினாங்குப் பாலம் கடந்து வேலைக்குப் போகிற நம் பையன்கள் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொள்வார்களே, அது கைக்கு எந்தக் கிரீமையும்விட மேல். வியர்வையில் கரையாது, மறுபடி பூசவும் வேண்டாம்.